111 வருட வாழ்க்கையில் நான்கு மாதம்: ஹாரி பேட்ச்

ஹாரி பேட்ச் ஒரு பிளம்பர். இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் வட்டாரத்தில், பாத் நகரத்தை ஒட்டிய கூம் டவுன் என்ற ஊரில் 1898 ஜூன் 17 அன்று பிறந்தார். 15 வயதில் பள்ளியை விட்டுவிட்டுத் தொழில் பழகப் போனார். 65 வயதில் ஓய்வு பெறும்வரை குழாயும் தொட்டியும் வடிகாலும்தான் அவருடைய பிழைப்பு. கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு மகன்களைப் பெற்றார், மனைவியைப் பறிகொடுத்தார், மறுபடி கல்யாணம் செய்துகொண்டார், அந்த மனைவியையும் பறிகொடுத்தார், மகன்கள் இருவருக்கும் பிறகும் உயிரோடு இருந்தார்.

2009 ஜூலை 25 அன்று 111 வயதில் அவர் இறந்தபோது இதில் எதுவும் தலைப்பில் வரவில்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்று சண்டையிட்டவர்களில், எந்த நாட்டிலும், உயிரோடிருந்த கடைசி மனிதர் என்றுதான் உலகம் முழுக்கச் செய்தி போனது. தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சண்டை முனையில் இருந்தது நான்கு மாதம்கூட முழுதாக இல்லை. அந்த நான்கு மாதத்தைப் பற்றி அவர் 80 வருடம் வாயே திறக்கவில்லை. அப்புறம் பத்து வருடம் அதைத் தவிர வேறு எதையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. இந்த இரண்டும் எப்படி நடந்தன என்று பார்த்தால் அந்த மனிதரையும் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம், போரை நாடுகள் எப்படி நினைவு வைத்துக்கொள்கின்றன என்பதும் கொஞ்சம் தெரியும்.

போருக்குப் போக அவருக்கு ஆசையே இருந்ததில்லை. அண்ணன் வில்லியம் போர் தொடங்குமுன்பே ராணுவத்தில் இருந்தவர். 1914-ல் மோன்ஸ் சண்டையில் காயப்பட்டு வந்து, பதுங்குகுழி என்றால் என்ன என்று தம்பிக்கு விலாவாரியாகச் சொல்லிவிட்டார். சுவரொட்டி பார்த்து மயங்கிப் போன தலைமுறை என்று 1914-ஆம் வருடத்து இளைஞர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். பேட்ச் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. 1916 ஜனவரியில் பிரிட்டன் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் கொண்டுவந்தது. அதே வருடம் ஜூனில் அவருக்கு 18 வயது முடிந்தது. அக்டோபரில் அழைப்பு வந்துவிட்டது. குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர் என்று பயிற்சியில் தெரிந்ததால் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் போட்டார்கள். 1917 ஜூனில், 19-ஆவது பிறந்தநாளை ஒட்டி, டியூக் ஆஃப் கார்ன்வால்ஸ் லைட் இன்ஃபன்ட்ரி படைப்பிரிவின் 7-ஆவது பட்டாலியனோடு பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்.

லூயிஸ் துப்பாக்கி கிட்டத்தட்ட 13 கிலோ எடை. மேலே தட்டு மாதிரி வட்டமான ஒரு மேகசின், அதில் 47 தோட்டாக்கள். ஒருவர் சுடுவார், இரண்டாம் ஆள் பக்கத்தில் படுத்து மேகசின் மாற்றுவார், சிக்கிக்கொண்டால் சரிசெய்வார், உதிரிப் பாகங்கள் உள்ள பையைச் சுமப்பார். மற்றவர்கள் தோட்டா சுமப்பார்கள். பேட்ச் இரண்டாம் ஆள். கைவேலை தெரிந்த பிளம்பருக்குப் பொருத்தமான வேலைதான். இரண்டு கைகளும் எப்போதும் வேலையாக இருப்பதால் இரண்டாம் ஆளுக்கு ரைஃபிள் கிடையாது, இடுப்பில் ஒரு ரிவால்வர் மட்டும். அவருடைய கதையில் அந்த ரிவால்வர் இரண்டு முறை வரும்.

குழுவில் ஐந்து பேர். வீட்டிலிருந்து யாருக்குப் பொட்டலம் வந்தாலும் ஐந்தாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தமும் இருந்தது: தவிர்க்க முடிந்தால் யாரையும் கொல்வதில்லை; சுட வேண்டி வந்தால் காலைப் பார்த்துச் சுடுவது. இயந்திரத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இப்படி ஓர் ஒப்பந்தம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்களுக்கும் தெரியாமலா இருந்திருக்கும். ஆனாலும் செய்துகொண்டார்கள்.

அவர்கள் போய் இறங்கிய இடம் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி, ஈப்பர் நகரத்துக்கு வெளியே. 1917 ஜூலை 31-ல் தொடங்கி நவம்பர் 10 வரை அங்கே நடந்த மூன்றாம் ஈப்பர் போரைத்தான் கடைசியில் பிடித்த கிராமத்தின் பெயரால் பாஷன்டேல் என்கிறார்கள். சேறு என்றாலே ஐரோப்பியர்களுக்கு இன்றும் நினைவுக்கு வரும் பெயர் அது. அந்தச் சேற்றுக்கு மழை மட்டும் காரணம் இல்லை. அது தாழ்வான களிமண் பூமி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். பல தலைமுறையாக விவசாயிகள் வாய்க்கால் வெட்டி, நீரை வடியவைத்து, அதைப் பயிர் விளையும் நிலமாக வைத்திருந்தார்கள். தாக்குதலுக்கு முந்தைய நாட்களில் பிரிட்டிஷ் பீரங்கிகள் 40 லட்சத்துக்கும் மேல் குண்டுகளைக் கொட்டி அந்த வாய்க்கால்களையெல்லாம் நொறுக்கிவிட்டன. அதற்கு மேல் ஆகஸ்ட் மாதம் அடைமழை. வடிய வழியில்லாத தண்ணீர் குண்டு விழுந்த பள்ளங்களில் தேங்கியது. மரப்பலகைப் பாதையிலிருந்து வழுக்கி விழுந்த ஆளும் குதிரையும் அந்தப் பள்ளங்களில் மூழ்கிச் செத்தார்கள்.

மூன்றரை மாதத்தில் படை முன்னேறியது சுமார் 8 கிலோமீட்டர். மாண்டவர், காயப்பட்டவர், காணாமல் போனவர் என்று பிரிட்டன் தரப்பில் இரண்டரை லட்சம் பேரை ஒட்டிய இழப்பு. ஜெர்மனி தரப்பிலும் இரண்டு லட்சத்துக்கு மேல். துல்லியமான எண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அத்தனை பேரைக் கொடுத்துப் பிடித்த நிலத்தை, 1918 ஏப்ரலில் ஜெர்மானியர் மறுபடி அழுத்தியபோது, பிரிட்டிஷ் படை சில நாட்களில் விட்டுவிட்டுப் பின்வாங்கியது.

1917 ஆகஸ்ட் 16 அன்று பேட்சின் பட்டாலியன் லாங்கமார்க் கிராமத்தை நோக்கி ஸ்டீன்பேக் என்ற ஓடையைத் தாண்டிப் போனது. அன்று பார்த்த இரண்டு காட்சிகளைத்தான் பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று, தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து கிடந்த, தன் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு சிப்பாய். என்னைச் சுட்டுவிடு என்று கெஞ்சினான். பேட்ச் ரிவால்வரை உருவுவதற்குள் உயிர் போய்விட்டது. கடைசியாக அவன் சொன்ன சொல், அம்மா. வலியில் கூப்பிட்டது போல அது இல்லை, எதிரே யாரையோ கண்டு சந்தோஷப்பட்டுக் கூப்பிட்டது போல இருந்தது என்பார் பேட்ச். சாவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்ற நம்பிக்கை தனக்கு அன்று வந்தது என்றும் சொல்வார்.

இன்னொன்று, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு நேரே அவரை நோக்கி ஓடி வந்த ஒரு ஜெர்மன் சிப்பாய். பேட்ச் முதலில் தோளில் சுட்டார். துப்பாக்கி கீழே விழுந்தது, ஆள் நிற்கவில்லை. நெஞ்சில் சுட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். யோசிக்கக் கிடைத்தது சில நொடிதான். கணுக்காலிலும் முழங்காலுக்கு மேலும் சுட்டு விழவைத்தார். அவனுக்கும் வீட்டில் மனைவியோ பிள்ளையோ இருந்திருக்கலாம் என்று 100 வயதுக்கு மேலும் அந்த ஆளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம், செப்டம்பர் 22 இரவு. முன்வரிசையிலிருந்து குழு திரும்பிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு சிறிய பீரங்கிக் குண்டு வெடித்தது. ஐந்து பேரில் தோட்டா சுமந்துகொண்டிருந்த மூன்று பேரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். பேட்சுக்கு அடிவயிற்றுக்குக் கீழே, தொடையிடுக்கில் ஒரு சில்லு பாய்ந்தது. மறுநாள்தான் மருத்துவர் அதை எடுக்க வந்தார். மயக்க மருந்து தீர்ந்து போயிருந்தது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார் பேட்ச். இரண்டு நிமிடம் என்றார் மருத்துவர். நான்கு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்ள, இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். அத்துடன் அவருடைய போர் முடிந்தது. (சரியாக மூன்று வருடம் முன்னால், 1914-ல் இதே செப்டம்பர் 22 இரவுதான் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்தியது. நம் ஊருக்கு அந்தப் போர் வந்துபோனதும் அந்தத் தேதியில்தான்.)

வாழ்நாள் முழுக்க அவர் நினைவுநாளாக வைத்துக்கொண்டது அந்த செப்டம்பர் 22-ஐத்தான். போர் ஓய்ந்த நாள் என்று நாடே இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் நவம்பர் 11 அவருக்கு வெறும் வேடிக்கைக் காட்சி. அன்றைக்குப் பிரமுகர்கள் வந்து நின்று பூவளையம் வைக்கிறார்கள், என் ஆட்கள் செத்தது செப்டம்பரில் என்பது அவர் கணக்கு.

மூன்று பேரின் உடலும் கிடைக்கவில்லை. அந்தப் போர்க்களத்தில் இது சகஜம். ஈப்பரின் மெனின் வாசல் நினைவகத்தில், கல்லறை இல்லாத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 400-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. 1914 அக்டோபரில் ஈப்பர் பக்கம் முதலில் அனுப்பப்பட்டவர்களில் இந்தியப் படையினரும் இருந்தார்கள். வாசல் அவ்வளவு பெரிதாகக் கட்டியும் பெயர்களுக்கு இடம் பற்றவில்லை. 1917 ஆகஸ்ட் 15 வரை இறந்தவர்களுக்கு அந்த வாசல் என்று வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு இறந்த பிரிட்டிஷ் படையினரின் சுமார் 35,000 பெயர்களை டைன் காட் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குக் கொண்டுபோனார்கள்.

காயம் ஆறுவதற்காக பர்மிங்ஹாம் பக்கத்தில் சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் இருந்தபோது ஏடா பில்லிங்டன் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1919-ல் கல்யாணம். ஏடா 1976-ல் இறக்கும்வரை 57 வருடக் குடித்தனம். அந்த 57 வருடத்தில் ஏடாவிடம் போர் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. போர்ப் படம் பார்க்க மாட்டார். பழைய சிப்பாய்கள் கூடும் இடத்துக்குப் போக மாட்டார்.

இந்த மௌனத்துக்கு ஒரே காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. அந்தத் தலைமுறையில் தெருவுக்கு நான்கு பேர் போய் வந்தவர்கள். எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாரிடம் சொல்வது? போய் வராதவரிடம் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. மனம் உடைந்துபோனதைக் கோழைத்தனம் என்று பார்த்த காலம் வேறு. முன்வரிசையிலிருந்து ஓடியது போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் ஆட்களையே பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றிருக்கிறது. அப்படிச் செத்த 306 பேருக்கு அரசு மன்னிப்பு வழங்க 2006 ஆகிவிட்டது. இதெல்லாம் பொதுவான காரணங்கள். பேட்ச் விஷயத்தில் இன்னொன்றும் தெரிகிறது. அவர் போரை வீட்டுக்கு வெளியே நிறுத்திவைக்க முடிவு செய்தார். காலையில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பி, பிள்ளைகளோடு சாப்பிட உட்காருகிற மனிதராக இருக்க அது அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இதைக் குடும்பத்துக்காகச் செய்த தியாகம் என்று அழகுபடுத்திச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. தன் புருஷன் 19 வயதில் எதைப் பார்த்தார் என்று தெரியாமலேயே ஒரு பெண் 57 வருடம் வாழ்ந்து செத்தாள். அவர் பேச ஆரம்பித்தபோது கேட்க அவள் இல்லை. முதலில் கேட்டவர்கள் கேமராவோடு வந்த அந்நியர்கள்.

பேசாமல் இருந்த அந்த 80 வருடமும் வெறும் இடைவெளி இல்லை. போர் முடிந்ததும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் சில வருடம் பிளம்பராக வேலை பார்த்தார். 65 மீட்டர் உயரக் கோபுரம் உள்ள பெரிய கல் கட்டடம் அது. போரினால் நின்றுபோன வேலையை மறுபடி தொடங்கி 1925-ல் திறந்தார்கள். 80 வருடம் கழித்து, 2005 டிசம்பரில், அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. தான் குழாய் போட்ட கட்டடத்துக்காரர்கள் கொடுத்த பட்டம். கிடைத்த விருதுகளில் இதுதான் அவருடைய சொந்த வேலையை ஒட்டி வந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது ராணுவத்துக்கு வயது தாண்டிவிட்டது. பாத் நகரத்தில் பகுதிநேரத் தீயணைப்பு வீரராகச் சேர்ந்தார். 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் பழைய நகரமான லூபெக்கைக் கொளுத்தின. அதற்குப் பழிவாங்க, ராணுவ முக்கியத்துவம் பெரிதாக இல்லாத, அழகான பழைய ஆங்கில நகரங்களை ஹிட்லர் தேர்ந்தெடுத்துத் தாக்கச் சொன்னார். சுற்றுலாக் கையேட்டைப் பார்த்து ஊர் பொறுக்கினார்கள் என்று பேச்சு. ஏப்ரல் கடைசியில் பாத்துக்கு முறை வந்தது. இரண்டு இரவில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 43 வயது பேட்ச் தன் சொந்த ஊர் பக்கம் எரிந்த தெருக்களில் குழாய் பிடித்துக்கொண்டு நின்றார். பிற்காலத்தில் அவரைப் பேட்டி கண்டவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது பதுங்குகுழி. என்னைக் கேட்டால், அவர் குணத்துக்கு ஒத்துவந்த போர் வேலை இந்தத் தீயணைப்புதான்.

அப்புறம் ஸ்ட்ரீட் என்ற சிற்றூருக்குப் போய்ச் சொந்தமாகப் பிளம்பிங் தொழில் நடத்தி, 1963-ல் ஓய்வு. ஏடா போனபின் 1980-ல் ஜீன் என்பவரை மணந்தார். நான்கே வருடத்தில் அவரும் போய்விட்டார். கடைசிக் காலத்தை வெல்ஸ் நகரத்து முதியோர் இல்லத்தில் கழித்தார். அங்கே டோரிஸ் என்ற தோழி கிடைத்தார். 2007-ல் டோரிசும் இறந்தார்.

1998-ல் 100 வயது நிரம்பியது. அதையொட்டி, போரில் மிஞ்சியிருந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த பிபிசி ஆட்கள் அவரிடமும் வந்தார்கள். முதலில் தயங்கினார். மிச்சமிருப்பது கைவிட்டு எண்ணக்கூடிய சிலர் என்று உறைத்ததும் ஒப்புக்கொண்டார். அந்த இல்லத்தில் அவர் அறைக்கு எதிரே துணிமணி வைக்கும் அறை ஒன்று இருந்தது. இரவில் யாராவது உள்ளே போய் விளக்கைப் போட்டால், கதவுக் கண்ணாடி வழியே பளீரென்று வெளிச்சம் விழும். பாதித் தூக்கத்தில் இருக்கும் அவருக்கு அது குண்டு வெடித்த வெளிச்சம். 80 வருடம் ஆகியும் அது போகவில்லை.

பேச ஆரம்பித்ததும் நாடு எதிர்பார்த்ததை அவர் சொல்லவில்லை. வீரம், கடமை, மன்னர், நாடு என்று எடுத்துக் கொடுத்தால் அவர் வேறு பக்கம் போவார். போர் என்பது திட்டமிட்டுச் செய்யும் கொலை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பார். அரசியல்வாதிகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2007-ல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் சொன்னார். இராக், ஆப்கானிஸ்தான் என்று பிரிட்டிஷ் பிள்ளைகளின் சவப்பெட்டிகள் ஊருக்கு வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. வேறு யார் பேசியிருந்தாலும் தேசத்துரோகி என்று சுலபமாகச் சொல்லியிருக்கலாம். 19 வயதில் அந்தச் சேற்றில் கிடந்த மனிதரை என்ன சொல்வது? பிரதமர்களும் இளவரசர்களும் அவர் பேச்சைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மெடல் கொடுத்தார்கள். கொள்கையில் ஒன்றும் மாறவில்லை.

2004 நவம்பரில் அவரை பெல்ஜியத்துக்கு அழைத்துப் போனார்கள், அதே போர்க்களத்தில் எதிர்த்தரப்பில் நின்ற சார்ல்ஸ் குன்ட்ஸ் என்ற முதியவரைச் சந்திக்க. அவருக்கு 107 வயது. எல்லையில் இருக்கும் அல்சாஸ் பகுதிக்காரர். அந்த மண் முதல் போர் முடிந்ததும் பிரான்சோடு சேர்ந்தது, 1940-ல் மறுபடி ஜெர்மனியின் கைக்குப் போனது. ஜெர்மன் சிப்பாயாக ஈப்பரில் நின்ற குன்ட்ஸ், பின்னாளில் பிரெஞ்சுக் குடிமகன். அவருடைய மகனோ ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டு 1944-ல் நார்மண்டியில் செத்தான். ஒரே குடும்பத்தை எல்லைக்கோடு இப்படிப் பந்தாடியிருக்கிறது. ஜெர்மன் சிப்பாயைப் பார்க்க முதலில் பேட்சுக்கு மனம் ஒப்பவில்லை. பார்த்தபின், ரொம்ப நல்ல மனிதர் என்றார். குன்ட்ஸ் அல்சாஸ் பிஸ்கெட் டப்பா கொண்டுவந்திருந்தார். பேட்ச் சாமர்செட் ஆப்பிள் மது ஒரு பாட்டில் கொடுத்தார். ஆறு மாதத்துக்குள் குன்ட்ஸ் இறந்துபோனார்.

100 வயதுக்கு மேல் ஒருவர் 19 வயதில் நடந்ததைச் சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம் என்பது நியாயமான கேள்வி. தேதியும் இடமும் பட்டாலியன் நாட்குறிப்போடு ஒத்துப்பார்க்கக் கூடியவை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ராணுவ வரலாற்றாசிரியர்கள் பாஷன்டேலை ஒரே தோல்வியாகப் பார்ப்பதில்லை. ஆகஸ்ட் மழையில் குளறுபடியானபின், தளபதி ப்ளூமர் பொறுப்பெடுத்து, சிறுசிறு துண்டாகப் பிடித்து நிலைகொள்ளும் முறைக்கு மாறினார். செப்டம்பர் 20 அன்று, மண் ஓரளவு காய்ந்திருந்த வேளையில், மெனின் சாலைச் சண்டை தொடங்கியது. அதைப் பிரிட்டனின் வெற்றிகளில் ஒன்றாகவே எழுதுகிறார்கள். வடக்குப் பக்கத்தில் பேட்சின் டிவிஷனும் அந்தத் தாக்குதலில் இருந்தது. ஈகிள் ட்ரெஞ்ச் என்ற ஜெர்மன் நிலையைச் செப்டம்பர் 23-ல் பிடித்தது. அதாவது அவருடைய மூன்று நண்பர்கள் செத்தது, வரைபடத்தில் பார்த்தால், வெற்றி கிடைத்துக்கொண்டிருந்த வாரத்தில். இதில் யார் சொல்வது சரி என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. ஆனால் அவர் பேட்டிகளை மட்டும் கேட்டு அந்தப் போரைப் புரிந்துகொள்ள முடியாது, வரைபடத்தை மட்டும் பார்த்தும் முடியாது. பிரிட்டனில் கடைசிப் பத்து வருடம் முதல் வகைதான் அதிகம் நடந்தது.

கடைசி ஆள் என்ற பட்டத்துக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. பிரான்சில் அந்த இடம் லாசார் பொன்டிசெல்லிக்கு வந்தது. இத்தாலியில் பிறந்து, பிழைப்புக்காகப் பாரிசுக்கு வந்த ஏழைப் பையன். வயதைக் கூட்டிச் சொல்லி வெளிநாட்டவர் படையில் சேர்ந்தவர். அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறோம் என்று பிரான்ஸ் முன்கூட்டியே சொன்னபோது மறுத்துவிட்டார். முன்னால் செத்த லட்சக்கணக்கானவர்களுக்கு யாரும் அப்படிச் செய்யவில்லையே என்பது அவர் கேள்வி. கடைசியில், எல்லோர் பெயராலும் எளிமையாக நடத்துவதானால் சரி என்று இறங்கி வந்தார். 2008 மார்ச் 12-ல் 110 வயதில் இறந்தார்.

ஜெர்மனியில் நேர் எதிர். எரிக் கெஸ்ட்னர் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி 2008-ன் முதல் நாள் 107 வயதில் இறந்தார். ஜெர்மன் பேரரசுப் படையின் கடைசிச் சிப்பாய் அவர்தான் என்று கருதப்படுகிறது. நாட்டுக்கு அது மூன்று வாரத்துக்கு மேல் தெரியவே தெரியாது. அங்கே யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு போரையும் தோற்று, இரண்டாவதின் பழியையும் சுமக்கும் நாட்டில், சிப்பாயைக் கொண்டாடுவது சங்கடமான காரியம். குடும்பத்தினரும் உறவினரும் வந்தார்கள், அடக்கம் முடிந்தது. பேட்சைக் கேட்டிருந்தால் அவர் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2008 நவம்பர் 11 அன்று, போர் ஓய்ந்த 90-ஆவது வருடத்தில், லண்டன் நினைவுத் தூணருகே சக்கர நாற்காலிகளில் மூன்று முதியவர்களை அழைத்து வந்தார்கள்: விமானப்படைக்கு ஹென்றி ஆலிங்ஹாம், கடற்படைக்கு பில் ஸ்டோன், தரைப்படைக்கு பேட்ச். அடுத்த நவம்பருக்குள் மூவருமே இல்லை. ஆலிங்ஹாம் 113 வயதில் 2009 ஜூலை 18-ல் போனார். சரியாக ஒரு வாரத்தில் பேட்ச்.

அரசு மரியாதையோடு அடக்கம் வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகஸ்ட் 6 அன்று வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஆயுதம் எதுவும் வரக்கூடாது என்பது விதி. அலங்கார வாள்கூடக் கூடாது. சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் அவர் படைப்பிரிவின் இன்றைய வாரிசான ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் இளைஞர்கள். கூடவே பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்று நாட்டுச் சிப்பாய்களும் நடந்தார்கள். தெருவில் ஆயிரக்கணக்கான கூட்டம். புதைத்தது ராணுவக் கல்லறையில் இல்லை, மாங்க்டன் கூம் கிராமத்துத் தேவாலய வளாகத்தில், அப்பா அம்மா அண்ணன் பக்கத்தில். புத்தகத்தில் வந்த பணத்தில் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் படகு ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். படகுக்கு அவர் வைத்த பெயர் டோரிஸ் அண்ட் ஹாரி.

2009 நவம்பர் 11-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரசி முன்னிலையில், அந்தத் தலைமுறை முடிந்துவிட்டது என்று நாடு விடைகொடுத்தது. உண்மையில் முடியவில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த கிளாட் சூல்ஸ் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்தார். அவரும் போர் நினைவு அணிவகுப்புகளை ஒதுக்கிய மனிதர், 2011 மே மாதம் 110 வயதில் இறந்தார். இங்கிலாந்திலேயே, கிங்ஸ் லின் என்ற ஊரில், ஃப்ளாரன்ஸ் கிரீன் என்ற பாட்டி இருந்தார். 1918 செப்டம்பரில், 17 வயதில், பெண்கள் விமானப்படைப் பிரிவில் சேர்ந்து அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவர். 1920-ல் கல்யாணம், மூன்று பிள்ளைகள், பேரன் பேத்திகள். சீருடை போட்டுப் பணியாற்றியவர் என்ற முறையில் அவரும் அந்தப் போரின் ஆள்தான். ஆனால் பட்டியல் எடுத்தவர்கள் தேடியது சண்டை போட்டவர்களை. பரிமாறியவர் ஒருவர் மிச்சமிருக்கிறார் என்பது 2010-ல் ஓர் ஆய்வாளர் பழைய ஆவணங்களைப் புரட்டியபோதுதான் வெளியே வந்தது. 2012 பிப்ரவரி 4-ல், 111 வயதாக இரண்டு வாரம் இருக்கும்போது அவர் இறந்தார். முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களில் உலகத்திலேயே கடைசி ஆள் என்று செய்தித்தாள்கள் இந்த முறை அவர் பெயரைப் போட்டன.